சைக்கிள்காரர் தலையும் போலீஸ்காரர் ரசீதும்

1990 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சைக்கிள் ஓட்டும் எவரும், எந்த வயதினராக இருந்தாலும், ஹெல்மெட் அணிந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அபராதம். ஒரு மாநிலம் முழுவதற்கும் இப்படியொரு சட்டம் வந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் அதே வழிக்கு வந்தன. அவை தாமாக வந்துவிடவில்லை. விபத்துகள் மலிந்த சாலைப் பகுதிகளைச் சீரமைக்க மத்திய அரசு நிதி தருவதாகச் சொன்னது. அந்த நிதி வேண்டுமானால் சைக்கிள் ஹெல்மெட் சட்டமும் வேண்டும் என்பது பிரதமர் பாப் ஹாக் அரசு வைத்த நிபந்தனைகளில் ஒன்று.

சட்டத்தின் வெற்றியைக் காட்டும் கணக்கு சீக்கிரமே வந்தது. 1990 மார்ச்சில் விக்டோரியாவின் சைக்கிள் ஓட்டிகளில் 31 சதவீதம் பேரே ஹெல்மெட் அணிந்திருந்தார்கள். ஓராண்டில் அது 75 சதவீதமாக உயர்ந்தது. எந்த அமைச்சரும் மேடையில் படித்துக் காட்ட விரும்பும் எண்கள் இவை.

இன்னொரு கணக்கும் இருந்தது. மெல்பர்னில் குறிப்பிட்ட இடங்களில் ஆட்களை நிறுத்தி, சட்டத்துக்கு முன்பும் பின்பும் சைக்கிளில் போகிறவர்களை எண்ணினார்கள். 12 முதல் 17 வயது வரையிலானவர்களின் எண்ணிக்கை 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. நியூ சவுத் வேல்ஸில் சிறுவர்களை எண்ணியபோது முதல் ஆண்டில் 36 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 44 சதவீதம் குறைவு. சட்டத்துக்குப் பிறகு புதிதாக ஹெல்மெட் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைவிட சைக்கிளையே விட்டுவிட்ட பிள்ளைகள் பல மடங்கு அதிகம் என்பதைப் புள்ளியியலாளர் டோரதி ராபின்சன் 1996இல் இந்தத் தரவுகளை வைத்தே எழுதிக் காட்டினார். ஹெல்மெட் போடாதவர்கள் சாலையை விட்டு விலகினால், போடுகிறவர்களின் சதவீதம் தானாகவே உயரும். 75 என்ற எண்ணுக்குள் அந்தக் கூட்டல் கழித்தலும் இருக்கிறது. பெரியவர்களின் எண்ணிக்கை முதல் ஆண்டில் சரிந்து பிறகு தேறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திரும்பி வராதவர்கள் பிள்ளைகள்தான்.

கட்டாய ஹெல்மெட் சட்டத்துக்கு சைக்கிள் ஓட்டிகள் எப்படி எதிர்வினை ஆற்றுவார்கள் என்று கேட்டால், ஊர்வலத்தையும் வழக்கையும் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலானோரின் பதில் சைக்கிளைக் கொட்டகையில் சாத்திவிட்டுப் போவதுதான். சைக்கிளை விட்டவர் மனுக் கொடுப்பதில்லை. ஏன் விட்டாய் என்று அவரை யாரும் கேட்பதும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தலைமுடி கலைவது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வகுப்பறையில் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பது இன்னொன்றாக இருந்திருக்கலாம். பெரியவர்களுக்கு இவை அற்பக் காரணங்கள். பதினாலு வயதில் அவை அற்பமானவையா என்று நம் பதினாலு வயதை நினைத்துப் பார்த்தால் தெரியும்.

தெர்மாகோல் செய்யும் வேலை

இதை வைத்து ஹெல்மெட்டே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்கிறவர்கள் சைக்கிள் ஆர்வலர்களிடையே கணிசமாக இருக்கிறார்கள். அவர்களால் சட்டத்தை எதிர்க்கும் தரப்புக்கு விளைந்தது கெடுதல்தான்.

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளின் அடர்த்தியான வகை. தலை தரையில் மோதும்போது அது நசுங்கி, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் ஒலிவியரும் புரூடன்ஸ் கிரெய்ட்டனும் 40 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். காயமடைந்த 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளின் விவரங்கள் அதில் அடக்கம். ஹெல்மெட் அணிந்திருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் சாத்தியம் பாதியளவு குறைந்திருந்தது. கடுமையான தலைக்காயத்தில் 69 சதவீதம் குறைவு. விபத்து நடந்துவிட்ட பிறகு தலையில் ஹெல்மெட் இருப்பது, இல்லாமலிருப்பதைவிட நல்லது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியத் தர விதிப்படி சோதனை செய்யும்போது, தலை வடிவில் வார்த்த கட்டைமீது ஹெல்மெட்டை மாட்டி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான பரப்பின் மீது விழவைக்கிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது, சைக்கிள் ஓட்டுபவர் தானாகச் சறுக்கி விழும் விபத்தை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியை எதிர்கொள்ள யாரும் அதைச் சோதித்ததில்லை. சட்டம் இயற்றுகிறவர்களின் பேச்சில் இந்த வித்தியாசம் வருவதே இல்லை. சைக்கிள் ஓட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் சறுக்கல் அல்ல, மோட்டார் வாகனம்.

சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களைக் குறைத்துப் பேச முடியாது. ஆஸ்திரேலியாவில் அறுவை சிகிச்சை மருத்துவர்களின் அமைப்பு முன்னின்றது. விக்டோரியாவில் 1970இல் காரில் சீட் பெல்ட் கட்டாயமானதற்குப் பின்னாலும் இருந்தவர்கள் அவர்கள். நியூசிலாந்தில் ரெபெக்கா ஓட்டன் என்ற பெண்மணி, சைக்கிளில் போன தன் மகன் கார் மோதி மூளையில் பலத்த காயமடைந்த பிறகு, ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய் ஹெல்மெட் அணியச் சொல்லிப் பல ஆண்டுகள் பேசினார். மக்கள் அவரை ஹெல்மெட் அம்மாள் என்றே அழைத்தார்கள். 1994 ஜனவரி 1 முதல் நியூசிலாந்திலும் சட்டம் வந்தது. அந்தத் தாயிடம் போய்ப் புள்ளிவிவரம் பேச எவருக்கும் வாய் வராது.

ஆனால், சீட் பெல்ட் உவமை இங்கே பொருந்தவில்லை. சீட் பெல்ட் போடச் சொன்னதற்காக யாரும் காரை விற்கவில்லை. சைக்கிளை விடுவது எளிது. பேருந்து இருக்கிறது, அப்பாவின் கார் இருக்கிறது. மருத்துவர் கண்ணுக்கு முன்னால் வருகிறவர் அடிபட்டவர் மட்டும்தான். சைக்கிளை விட்டுவிட்டு, முப்பது ஆண்டுகள் கழித்து இதய நோயோடு வருகிறவரை அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எந்த மருத்துவமனையும் இணைத்துப் பார்ப்பதில்லை.

வேலைநிறுத்தமும் நீதிமன்றமும்

ஹெல்மெட்டை எதிர்த்து சைக்கிள் ஓட்டிகள் வெளிப்படையாகக் கிளர்ந்தெழுந்த ஒரு சந்தர்ப்பம் பந்தயக் களத்தில் நடந்தது. 1991இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் தொழில்முறை வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க முயன்றது. பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வீரர்கள் ஓட்ட மறுத்து நின்றார்கள். வெயில், மலையேற்றம், எடை, எங்கள் தலை எங்கள் விருப்பம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. சம்மேளனம் பின்வாங்கியது. 1995 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஃபாபியோ கஸார்டெல்லி என்ற வீரர் மலையிறக்கத்தில் விழுந்து இறந்தார். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கஸகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலேவ் விழுந்து, தலைக்காயத்தால் இறந்தார். இரண்டே மாதங்களில் ஹெல்மெட் கட்டாயமானது. இந்த முறை வேலைநிறுத்தம் இல்லை. தொடக்கத்தில் நீண்ட மலையேற்றத்தோடு முடியும் பந்தயங்களில் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. பிறகு அதுவும் போனது. இன்று ஹெல்மெட் இல்லாத பந்தய வீரரைப் பழைய புகைப்படங்களில்தான் பார்க்க முடியும்.

இதிலிருந்து பலர் எடுக்கும் பாடம், முதலில் முரண்டு பிடிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள் என்பது. பந்தய வீரருக்கு அது சரி. சைக்கிள் அவருடைய தொழில்; விதி பிடிக்கவில்லை என்று அவர் பேருந்தில் ஏறிப் போய்விட முடியாது. பால் வாங்கக் கடைக்குப் போகிறவர் அப்படிப் போகலாம்.

சாதாரண ஓட்டிகளின் எதிர்ப்பு வேறு மாதிரி இருந்தது. நியூ சவுத் வேல்ஸில் ஸ்கோன் என்ற சிற்றூரில் ஒரு பெண்மணி அபராதத்தைக் கட்ட மறுத்து நீதிமன்றம் போனார். ஹெல்மெட் தலைக்கு வேறு வகையான காயத்தை உண்டாக்கக்கூடும் என்பது அவர் வாதம். மேல்முறையீட்டில் நீதிபதி அவருக்கு அனுதாபம் காட்டினார். குற்றத் தீர்ப்பும் நீங்கியது. சட்டம் அப்படியேதான் இருந்தது. தலைப்பாகை அணியும் சீக்கியர்கள் மத உரிமையை முன்வைத்துக் கேட்டார்கள். குயின்ஸ்லாந்து உட்படப் பல மாநிலங்கள் விலக்கு அளித்தன. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு இருக்கும் விலக்கைப் போன்றதுதான் அது. தெளிவான ஒரு தரப்பு, தெளிவான ஒரு கோரிக்கை. அதனால் நடந்தது.

மற்ற முயற்சிகள் எல்லாம் ஒரு இடத்துக்கு மேல் நகரவில்லை. 2013இல் குயின்ஸ்லாந்து நாடாளுமன்றக் குழு, 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேகம் குறைந்த சாலைகளில் இரண்டு ஆண்டுகள் சோதனையாக விலக்கு அளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு மறுத்துவிட்டது. 2015இல் மத்திய செனட்டில் டேவிட் லேயன்ஹெல்ம் என்ற உறுப்பினர், அரசு மக்களைக் குழந்தைகளைப் போல நடத்துகிறது என்று ஒரு விசாரணையையே நடத்தவைத்தார். சைக்கிள் ஹெல்மெட்டும் அதில் ஒரு தலைப்பு. பேசினார்கள், அறிக்கைகள் வந்தன, அவ்வளவுதான். நாட்டின் பெரிய சைக்கிள் அமைப்பான பைசைக்கிள் நெட்வொர்க் 2018இல்தான் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு, நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் பெரியவர்களுக்கு ஐந்தாண்டுச் சோதனை விலக்கு கேட்டது. வடக்குப் பிரதேசம் மட்டும் 1994 முதலே 17 வயதுக்கு மேற்பட்டவர்களை இப்படி விட்டுவைத்திருக்கிறது. அங்கே அதனால் வானம் இடிந்து விழவில்லை.

ஏன் இந்தத் தேக்கம்? எதிர்ப்பாளர்கள் முப்பது ஆண்டுகளாக மண்டை ஓட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம். ஹெல்மெட் காக்குமா, காக்காதா? எத்தனை சதவீதம்? 2007இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் இயன் வாக்கர் தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்தி, தன்னை முந்திச் சென்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை அளந்தார். ஹெல்மெட் அணிந்திருந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் கூடுதலாக அவரை நெருங்கி வந்தன. நீண்ட கூந்தல் டோப்பா வைத்துக்கொண்டபோது, பெண் என்று நினைத்து விலகிப் போனார்கள். ஆய்வின்போது ஒரு பேருந்தும் ஒரு லாரியும் அவரை இடித்தன. இரண்டு முறையும் அவர் ஹெல்மெட் அணிந்திருந்தார். சுவையான ஆய்வு. எதிர்ப்பாளர்கள் அதைத் தூக்கிக் கொண்டாடினார்கள். ஒலிவியரும் இன்னொருவரும் அதே தரவை மறுபடி ஆராய்ந்து, அந்த நெருக்கம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றார்கள். வாக்கர் பதில் சொன்னார். இப்படியே இழுபட்டது. எட்டரை சென்டிமீட்டரை வைத்து எந்த நாட்டிலும் ஒரு சட்டத்தை வீழ்த்த முடியாது. எதிரில் தலைக்காயத்தோடு ஒரு பிள்ளையின் படத்தை யாராவது காட்டினால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வென்றவர்கள் எதைப் பேசினார்கள்?

சட்டத்தைத் திரும்பப் பெறவைத்த ஊர்கள் சில உண்டு. அங்கெல்லாம் ஹெல்மெட்டின் தரம் பற்றிய விவாதம் அநேகமாக நடக்கவே இல்லை.

மெக்சிகோ நகரம் 2010இல் எகோபிசி என்ற பொதுச் சைக்கிள் வாடகைத் திட்டத்தைத் தொடங்கியபோது ஹெல்மெட் கட்டாயத்தை நீக்கியது. இஸ்ரேல் 2007இல் போட்ட சட்டத்தை, டெல் அவிவில் வாடகைச் சைக்கிள் வந்த 2011இல் நகரங்களில் பெரியவர்களுக்குத் தளர்த்தியது. காரணம் மிக எளியது. தெருமுனையில் சைக்கிளை எடுத்து, அடுத்த தெருமுனையில் விடுகிறவர் ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார். மெல்பர்ன் அதை ஏற்கவில்லை. அங்கே 2010இல் நீல நிறச் சைக்கிள்களோடு தொடங்கிய திட்டத்துக்கு ஆள் வரவில்லை. பக்கத்துக் கடைகளில் ஐந்து டாலருக்கு ஹெல்மெட் விற்றுப் பார்த்தார்கள். பிறகு சைக்கிளோடு சேர்த்தே இலவசமாகத் தொங்கவிட்டார்கள். முன்பின் தெரியாதவர் தலையிலிருந்து இறங்கிய ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? 2019 நவம்பரில் திட்டம் மூடப்பட்டது. டப்ளின் நகரம் மெல்பர்னுக்கு ஓராண்டு முன்பு, 2009இல், அதைவிடக் குறைந்த சைக்கிள்களோடு தொடங்கியது. கட்டாய ஹெல்மெட் இல்லாத அந்த ஊரில் திட்டம் சக்கைப்போடு போட்டு விரிவடைந்தது.

ஆனால், எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் சியாட்டில். அந்நகரம் அமைந்துள்ள கிங் கவுன்டியில் 1993 முதல் ஹெல்மெட் கட்டாயம். சியாட்டில் நகருக்கு அது 2003இல் வந்தது. அங்குள்ள சைக்கிள் ஆர்வலர்களும் வீடற்றோருக்காகப் பேசும் அமைப்பினரும் பத்திரிகையாளர்களும் போலீஸின் அபராதப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேட்டது ஒரே கேள்வி: ஹெல்மெட் இல்லை என்று யாரை மறிக்கிறார்கள்? விடை அப்பட்டமாக இருந்தது. 2017க்குப் பிறகு போடப்பட்ட அபராதங்களில் ஏறக்குறைய பாதி, வீடில்லாமல் தெருவில் வாழ்பவர்கள் மீது. கறுப்பின ஓட்டிகள், மக்கள்தொகைக் கணக்கில் வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகமாக அபராதம் பெற்றிருந்தார்கள். விலையுயர்ந்த சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போன அலுவலகக்காரரை யாரும் நிறுத்தவில்லை. ஒருவரை மறித்துச் சோதனை போட வேண்டும் என்று போலீஸ்காரருக்குத் தோன்றினால், ஹெல்மெட் அதற்கு வசதியான சாக்கு.

2022 பிப்ரவரியில் கிங் கவுன்டி பொது சுகாதார வாரியம் சட்டத்தை ரத்து செய்தது. பொது சுகாதார வாரியமே செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெல்மெட் அணியுங்கள் என்று பரிந்துரைப்பதை அது நிறுத்தவில்லை. ஹெல்மெட் வாங்கிக் கொடுக்க நிதியும் ஒதுக்கப்பட்டது. ஹெல்மெட்டைத் திட்டாமலேயே ஹெல்மெட் சட்டத்தை நீக்கவைத்தார்கள். ஆஸ்திரேலியர்கள் மூன்று பத்தாண்டுகளில் செய்ய முடியாததை, அபராதப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் சில ஆண்டுகளில் செய்துவிட்டார்கள்.

நியூ சவுத் வேல்ஸிலும் புரட்டிப் பார்க்கப் புத்தகம் இருந்தது. 2016 மார்ச் 1 அன்று அங்கே ஹெல்மெட் அணியாததற்கான அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலராக உயர்த்தினார்கள். அதே நாளில் இன்னொரு விதியும் வந்தது: சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது ஒரு மீட்டர், வேகமான சாலையில் ஒன்றரை மீட்டர், தள்ளிப் போக வேண்டும், மீறினால் கார்க்காரருக்கும் 319 டாலர். தொகை சமம், நீதி சமம் என்று காட்டிக்கொண்டார்கள். நடந்தது என்ன? சைக்கிள் ஓட்டிகளுக்கு ஆயிரக்கணக்கில் அபராதம் விழுந்தது. நெருங்கி முந்தியதற்காக அபராதம் கட்டிய வாகன ஓட்டிகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். ஹெல்மெட் இல்லாத தலை தூரத்திலிருந்தே தெரியும். ஒரு மீட்டர் இடைவெளியை அளக்க அந்தக் கணத்தில் போலீஸ்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த விதி அமலாக்க எளிதோ அதுதான் அமலாகும். எந்த விதி உயிரைக் காக்குமோ அது ஏட்டோடு நிற்கும்.

சைக்கிள் ஓட்டிகளின் பாதுகாப்புக்கு வேறு பாதை இருப்பதை நெதர்லாந்து காட்டுகிறது என்று சொல்வது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. நானும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971இல் அந்தச் சிறிய நாட்டில் 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தன் மகளை இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பான குழந்தைக் கொலையை நிறுத்து என்பதே ஒரு இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது கார்களின் வேகத்தைக் குறைக்கும் தெருக்களையும் தனித் தடங்களையும். பிள்ளைகளின் தலையில் எதையும் மாட்டச் சொல்லவில்லை. இன்று அங்கே மக்களைவிடச் சைக்கிள்கள் அதிகம், ஹெல்மெட் அபூர்வம். மின்சைக்கிள் ஓட்டும் முதியவர்கள் அதிகம் விழுவதால், அணிந்துகொள்ளுங்கள் என்று அவர்களிடம் அரசு இப்போது கேட்டுக்கொள்கிறது. கேட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மன், சைக்கிள் பாதுகாப்புக்கு உதவும் முதல் பத்து விஷயங்களில்கூட ஹெல்மெட் வராது என்று சொல்லிவருபவர். 2014இல் பிபிசியின் காலை நிகழ்ச்சியில் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓட்டிக் காட்டினார். அவர் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசிய அத்தனையும் காற்றில் போயிற்று. நாடே அவர் வெறுந்தலையைப் பற்றித்தான் பேசியது. இந்த விவாதத்தின் சிக்கல் அதுதான். ஹெல்மெட் என்ற சொல் வந்துவிட்டால் அறையில் வேறு எதற்கும் இடமிருப்பதில்லை.

காற்றைப் பிடுங்கிய காலம்

நம் ஊரில் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் இல்லை. வரப்போகிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால், சைக்கிளை போலீஸ் மறித்த காலம் ஒன்று நமக்கும் இருந்தது. இரவில் விளக்கில்லாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ, மறித்து டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். டைனமோ வாங்க வசதி இல்லாதவன்தான் விளக்கில்லாமல் போவான். இரண்டு பேருக்கு ஒரே சைக்கிள் இருக்கும் வீட்டில்தான் டபுள்ஸ் போவார்கள். அந்த விதிகளுக்கும் பாதுகாப்புதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இரவு ஷிப்ட் முடிந்து காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களுக்கு அதன் பொருள் வேறு.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் கதை நமக்கு இன்னும் அண்மையது. 2007 ஜூன் 1 அன்று தமிழ்நாட்டில் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச காலத்தில் தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 ஜூலை 1இல் மறுபடி இறுக்கினார்கள். அந்த ஜூன் மாதக் கடைசி வாரத்தில் ஹெல்மெட் கடைகளில் நின்ற கூட்டத்தையும், ஒரே வாரத்தில் ஏறிய விலையையும், சாலையோரத்தில் போலி ஐஎஸ்ஐ முத்திரையோடு குவித்து வைத்து விற்ற பிளாஸ்டிக் சட்டிகளையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். தலையைக் காப்பதற்கும் அபராதத்திலிருந்து தப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சட்டிகளின் விலையில் தெரிந்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அந்த வேகமும் எடையும் வேறு. சைக்கிளுக்கு அதே சட்டத்தை நகலெடுக்க நினைப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் யார் என்று ஒருமுறை தெருவில் நின்று பார்க்கட்டும். இரவுக் காவலாளி, சுக்குக் காபி விற்பவர், கட்டட வேலைக்குப் போகிறவர், அரசு கொடுத்த இலவச சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை பறக்கும் கார்பன் சைக்கிள்காரர்கள் ஏற்கெனவே ஹெல்மெட்டோடுதான் போகிறார்கள். சட்டம் வந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் மாறாது. மெல்பர்னின் பதினாலு வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் கார் இருந்தது. சைக்கிளை நிறுத்தினால் படிப்பையே நிறுத்தும் வீடுகள் நம் கிராமங்களில் உண்டு.

இந்தக் கேள்வி இங்கே நுழையுமானால் மின்சைக்கிள் வழியாக நுழையும் என்று நினைக்கிறேன். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட மின்வண்டிகள் நம் சட்டப்படி மோட்டார் வாகனங்கள் ஆகா. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், ஹெல்மெட்டும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் கையில் அவை பெருகிவருகின்றன. ஒரு மோசமான விபத்து நடந்து, அது தொலைக்காட்சியில் மூன்று நாள் ஓடினால், அரசாணை ஒன்று வரத் தடையேதும் இல்லை. அவசரத்தில் எழுதும் ஆணையில் மின்சைக்கிளுக்கும் மிதிக்கும் சைக்கிளுக்கும் நடுவே கோடு கிழிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

அப்படி வந்தால், ஹெல்மெட் உபயோகமற்றது என்ற வாதத்தோடு சைக்கிள் சங்கங்கள் களத்தில் இறங்க வேண்டாம். அந்த வாதம் உண்மையும் இல்லை, வெல்லப்போவதும் இல்லை. ஹெல்மெட்டை இலவசமாகக் கொடுங்கள், சைக்கிள் கொடுக்கும் அன்றே அளவு பார்த்துக் கொடுங்கள், அபராதம் மட்டும் வேண்டாம் என்று கேட்கலாம். அபராதம் வந்தே தீரும் என்றால், யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விதித்தார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடும் பிரிவையும், ஐந்து ஆண்டுகளில் மறுஆய்வு இல்லாவிட்டால் சட்டம் காலாவதியாகும் என்ற பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சைக்கிளை நெருங்கி முந்திய வாகனங்களுக்கு எத்தனை அபராதம் என்பதை அதே பட்டியலில் பக்கத்துப் பத்தியில் போடச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையைத் தொடங்கச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் அபராதம் எந்தக் காவல் நிலைய எல்லையில் அதிகம் விழுகிறது, எந்தச் சாலையில் விழுவதே இல்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி இன்றைக்கே கேட்கலாம்.